நைனாவின் முகம் கேட்டு

பழவேற்காடு
19 ஜனவரி 2025

அன்புள்ள பூவிழிக்கு,

உன் அண்ணி கஸ்தூரி எழுதுவது. இங்கே உன் அண்ணன், அனிதா, மாமா, நான் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் கேசவன் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? போர்ட் பிளேரில் மழை விட்டதா?

கையில் போன் இருக்க இவள் எதற்கு உறை வாங்கி ஸ்டாம்பு ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? இந்த மூலையில் தும்மினால் அந்த மூலையில் கேட்கும். மாமா, அதான் உன் நைனா, கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து நாள் முழுக்க வாசலை ஒட்டிய கொட்டகையில் வலை பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போனில் நான் உன் பெயரைச் சொன்னால் போதும், அவர் கை அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு அவருக்கும் சோறு இறங்காது, எனக்கும் இறங்காது. அதனால்தான் கடிதம். பதிலை ஜமுனாவின் தையல் கடை முகவரிக்குப் போடு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கூட வைத்திருக்கும் இரண்டு தாள்களையும் பார். நான் போட்ட படங்கள். சிரிக்காதே.

அனிதாவைப் பொன்னேரியில் டிராயிங் கிளாஸில் சேர்த்தேன். ஜவுளிக்கடை மாடியில் ஜெனிஃபர் என்று ஒரு சின்ன வயசு டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிறார். கிளாஸ் முடியும்வரை நான் மாடிப்படியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன். ஒரு நாள் அந்த டீச்சர், "சும்மாதான உக்காந்திருக்கீங்க, நீங்களும் ஒண்ணு போடுங்களேன்" என்று தாளையும் பிரஷையும் நீட்டினார். அடுத்த மாதமே அனிதா போரடிக்கிறது என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. "பொண்ணுக்குக் கட்டின பீஸுல ஆத்தா படிக்கிது" என்று உன் அண்ணன் படகுத்துறை முழுக்கச் சொல்லிவிட்டார்.

வாட்டர் கலரில் வெள்ளை வைப்பது இல்லையாம், தெரியுமா? எங்கே வெள்ளை வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை. முதல் நாள் நான் எல்லா இடத்தையும் தொட்டுத் தொட்டுத் தாளைச் சேறாக்கிவிட்டேன். இப்போது பரவாயில்லை. தாளை முதலில் நனைத்து, பலகையைக் கொஞ்சம் சாய்த்து, மேலேயிருந்து நீலத்தை இறக்கினால் அது தானாக வழிந்து ஏரியாகிவிடுகிறது. அதில் வெள்ளை வெள்ளையாய் நட்சத்திரம் மாதிரி தெரிகிறதே, அதை நான் போடவில்லை. காய்ந்ததும் தானாக வந்தது. எனக்கே ஆச்சரியம். இன்னொன்று மாமா வலை பார்ப்பது. உனக்குப் பிடிக்கும் என்று வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தம்பியைக் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமான அண்ணி,
கஸ்தூரி


போர்ட் பிளேர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

பூவிழியின் வணக்கம். நானும் அவரும் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவே இல்லை. ஓட்டலில் வாங்கி வரச் சொன்னேன். அண்ணி படம் போடுகிறார் என்றால் வீட்டில் விசேஷம்தானே!

உறையைப் பிரித்ததும் முதலில் கையில் வந்தது நைனாவின் முதுகு. கீழே பெயர் எழுதாமலே தெரிந்துவிட்டது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கழுத்துக்குப் பின்னால் அந்த மடிப்பு. துண்டை எப்போதும் வலப்பக்கம் போடுவார். எப்படி அண்ணி இவ்வளவு சரியாகப் போட்டீர்கள்? அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன்.

ஆனால் ஏரிப் படம் காயவே மாட்டேன் என்கிறது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் காய்கிறது. சாயங்காலம் பார்த்தால் மறுபடி வேர்த்திருக்கிறது. அந்த நட்சத்திரமெல்லாம் கையில் மணல் மாதிரி உதிர்கிறது. சந்தேகப்பட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! எந்தத் தண்ணீரில் போட்டீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

நைனா எப்படி இருக்கிறார்? சரியாகச் சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? உன் இஷ்டத்துக்கு ஒரு காட்டூர்க்காரனைக் கட்டிக்கொண்டு இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவர், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்த முகம், இப்போது கண்ணை மூடினால் சரியாக வரமாட்டேன் என்கிறது. அடுத்த தடவை முகம் தெரிகிற மாதிரி ஒன்று போட்டு அனுப்புங்கள்.

அண்ணனையும் அனிதாவையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பூவிழி


பழவேற்காடு
2 மார்ச் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே இருக்க நம் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நாக்கில் வைத்துப் பார்த்தாயா! உன்னை என்ன சொல்வது. ஆமாம், ஏரித் தண்ணீர்தான். பின்னே? குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, நாலு பேரிடம் சண்டை போட்டுப் பிடிக்கிறோம். அதைப் பிரஷ் கழுவிக் கொட்டினால் உன் அம்மா மேலே இருந்துகூட என்னை மன்னிக்க மாட்டார்கள். வாசலில் இவ்வளவு பெரிய ஏரி இருக்கிறதே என்று ஒரு சொம்பு மொண்டு வந்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அக்கா, உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும். படம் எப்படிக் காயும்?" என்றார். கைதேர்ந்தவர்களும் ஈரமாக இருக்கும்போதே நாலு கல் உப்பைத் தூவுவார்களாம், அந்த நட்சத்திரம் வருவதற்காகவே. காய்ந்ததும் தட்டிவிடுவார்களாம். அவர்கள் செய்தால் வித்தை, நான் செய்தால் கருவாடு. இப்போது அரிசி களைவதற்கு முன்னால் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து ஒளித்துவைக்கிறேன். இந்தத் தடவை படம் வேர்க்காது.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று, மாமா டீக்கடைக்கு நடந்து போவது. இன்னொன்று, சாயங்காலம் கரையில் நின்று ஏரியைப் பார்ப்பது. வேட்டியின் வெள்ளையைப் பார்த்தாயா? தொடாமல் விட்டது. டீச்சர் அதற்காக என்னைக் கிளாஸில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

மாமா நன்றாகச் சாப்பிடுகிறார். மடவை மீன் குழம்பு வைத்தால் இரண்டாம் தடவை சோறு கேட்கிறார். இந்த வருஷம் பூநாரை நிறைய வந்திருக்கிறது. அனிதா கணக்கில் குறைச்சலாக வாங்கியிருக்கிறாள். வேறென்ன, எல்லாம் வழக்கம்போலத்தான்.

பிரியமுடன்,
அண்ணி


போர்ட் பிளேர்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

படங்கள் அழகாக இருக்கின்றன. வேர்க்கவும் இல்லை. ஆனால் நைனா படம் மூன்றையும் அலமாரியில் வரிசையாக ஒட்டிவைத்துப் பார்த்தேன். மூன்றிலும் நைனா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார். முகம் கேட்டேன், வேட்டி வந்தது. கேட்டாரா என்று கேட்டேன், மடவை மீன் வந்தது.

ஒரு விஷயம் இருக்கிறது. மீஞ்சூரில் ஒரு லாரி பட்டறையில் இவரைக் கூப்பிடுகிறார்கள். நல்ல இடம். மே மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். இவருக்கு வரத்தான் ஆசை. காட்டூரில் இவர் அம்மா அப்பா இருக்கிறார்கள், அவர்கள் எங்களை எப்போதோ சேர்த்துக்கொண்டாயிற்று. முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

எனக்கும் ஆசையில்லாமல் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் அண்ணி. நடுவில் ஒரு கடல் இருந்தால் நைனாவைப் பார்க்காமல் இருந்துவிட முடிகிறது, தூரம் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு, அவர் முதுகைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்து வராமல் இருப்பது என்னால் முடியாது. அதற்கு இங்கேயே இருந்துவிடுவேன்.

அதனால் மறைக்காமல் எழுதுங்கள். அவர் கோபம் போயிற்றா? நீங்கள் படம் போடுவது எனக்கென்று தெரிந்து திரும்பி உட்கார்ந்துகொள்கிறாரா?

பூவிழி


பழவேற்காடு
20 ஏப்ரல் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, கரையே சோம்பிக் கிடக்கிறது, உன் அண்ணனும் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு என் படத்துக்கெல்லாம் குறை சொல்கிறார்.

மாமா திரும்பி உட்காரவில்லை. நான்தான் அவர் பின்னால் உட்கார்ந்தேன். உன் கடிதம் வரும்வரை இது என் புத்திக்கே எட்டவில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போய்விடுவேன். சோறு போடும்போது அவர் தட்டையும் கையையும் பார்ப்பேன். பேசுவதென்றால் கதவுக்குப் பின்னாலிருந்து பேசுவேன். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதானே வழக்கம்? யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது.

போன மாதம் டீச்சர், வீட்டில் ஒருவர் முகத்தை மனசிலிருந்து போடச் சொன்னார். மாமாவைப் போட்டேன். காது வந்தது, பிடரி வந்தது, கழுத்து நரம்புகூட வந்தது. "மூக்கு எங்கக்கா?" என்றார் டீச்சர். எனக்குத் தெரியவில்லை பூவிழி. எத்தனை வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறேன், அவருக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது பேஸ்டல் கற்றுத்தருகிறார். சாக்பீஸ் மாதிரி இருக்கும், ஆனால் பட்டு மாதிரி ஒட்டும். வாட்டர் கலருக்கு நேர் எதிர். அதில் வெளிச்சத்தில் தொடங்கி இருட்டுக்குப் போக வேண்டும். இதில் இருட்டை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் வெளிச்சத்தைக் கொண்டுவரலாம். தப்பாகப் போட்டால் மேலேயே இன்னொன்று போட்டுச் சரிசெய்யலாம். என் மாதிரி ஆளுக்கு இதுதான் லாயக்கு. விரல் பத்தும் கலர் கலராகத் திரிகிறேன். தோசையில் ஊதா ஒட்டியிருந்தது என்று அனிதா சண்டை.

மாமா திரும்பிக்கொள்ளவில்லை, இதை நம்பு.

உன் அண்ணி


போர்ட் பிளேர்
1 மே 2025

அண்ணிக்கு,

சுகம். நீங்கள் என்னைச் சமாதானப்படுத்த எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் மேல் கோபமில்லை, உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். நீங்கள் மாமா என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்குவது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டாரா என்றதற்கு மட்டும் இரண்டாவது தடவையும் பதில் இல்லை.

இவரிடம் மீஞ்சூருக்கு இல்லை என்று சொல்லச் சொல்லலாமென்று இருக்கிறேன்.

பூவிழி


பழவேற்காடு
10 மே 2025

அன்புள்ள பூவிழிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நீயும் இல்லை, நானும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாமா உன்னைக் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, உன் அண்ணனிடமும் கேட்கவில்லை. ஒரு தடவைகூட. இதை எழுதக் கை வராமல்தான் தாண்டித் தாண்டிப் போனேன். "தினமும் கேட்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ அடுத்த கப்பலில் ஏறியிருப்பாய். வந்து நிற்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஆனால் முதுகு மட்டும் என் தப்பு. அதை அவர் கணக்கில் எழுதாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று, "மாமா, உங்க மூஞ்சிய ஒரு தபா வரையணும்" என்றேன்.

"எம் மூஞ்சில இன்னா கீது?"

"பூவிழி கேக்குது மாமா."

ஐந்து வருஷத்தில் இந்த வீட்டில் அவரிடமே உன் பெயரை எடுத்தது அன்றைக்குத்தான். சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். உன் அண்ணன் என் மேல் பாய்ந்தார்: "உனக்கு எதுக்கு இந்தக் கண்ட வேல?" அன்றிலிருந்து மாமா என்னிடம் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. அனிதாவைக் கேட்டுக் குடிக்கிறார்.

உன் காரியத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் மீஞ்சூருக்கு இப்போதே இல்லை என்று சொல்லிவிடாதே. கெடு மாதக் கடைசிதானே, அதுவரை பொறு. உன் காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்.

அண்ணி


பழவேற்காடு
19 மே 2025

என் தங்கமான பூவிழிக்கு,

சுகம், சுகம், பரம சுகம்! ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இரண்டு பலகைக்கு நடுவில் படம் இருக்கிறது. பார்த்துப் பிரி. பேஸ்டல் விரல் பட்டாலே கலையும். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை மேலே அடித்து, பட்டர் பேப்பர் போட்டு மூடியிருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிடு, அப்புறம் பிரி.

போன செவ்வாய்க்கிழமை காலை மாமாவைக் காணோம். சலூனுக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு, பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தார். பிறகு உள்ளே பார்த்து, "எம்மாம் நேரம் உக்காரணும்?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

பேஸ்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே உட்கார்ந்தேன். அவ்வளவுதான், தலை நிமிரமாட்டேன் என்கிறது. தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பொத்தானைப் போட்டேன், காலரைப் போட்டேன். அதற்கு மேல் போகவில்லை.

"தலைய குனிஞ்சிக்கினு எப்பிடிம்மா போடுவ? பாரு" என்றார்.

பார்த்தேன்.

பூவிழி, உன் அப்பாவுக்கு மூக்கு நுனியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. வெயிலைப் பார்த்துப் பார்த்து வலது கண் சின்னதாகிவிட்டது. புருவத்தில் நரைக்காத முடி நாலைந்துதான். கறுப்பைத் தொடாதீர்கள், கறுப்பு முகத்தில் கறுப்பு இல்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். உண்மை. ஊதா, செங்கல் நிறம், கன்னத்தில் காவி, மேலே கட்டியிருந்த தார்ப்பாயின் நீலம் நெற்றியில் விழுகிறது. நீலத்தை வைத்தபோது உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "எங்க நைனாவ சாமி ஆக்கிட்டியா?" என்றார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். உன் அண்ணன் ஓடிவிட்டார்.

நடுவில் மாமா தானாக, "அது எழுதுற லெட்டர எதுக்கு ஜமுனா கடைக்குப் போடுது? வூட்டுக்கே போடச் சொல்லு" என்றார். எனக்குக் கையிலிருந்த குச்சி உடைந்துவிட்டது. அப்புறம் ஜமுனாவைப் பிடித்து உலுக்கினேன். மாமா டீக்கடைக்குப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று "அந்தமான் தபால் வந்துதா?" என்று கேட்பாராம். வந்தது என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாராம். "கஸ்தூரிகிட்ட சொல்லாத" என்று இவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் கேட்கவில்லை என்று எழுதினேனே, அதை அடித்துவிடு.

படம் முடிந்ததும் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, நான் கோவமாவா கீறேன்?"

"எப்பவும் இப்பிடித்தான் மாமா இருப்பீங்க."

"இந்த மூஞ்சியப் பாத்துட்டு அது எப்பிடிம்மா வரும்? மாத்து."

வாயை மட்டும் மாற்றலாமென்று மேலே மேலே பூசினேன். பேஸ்டலுக்கும் ஓர் அளவு இருக்கிறது. தாளில் இருக்கும் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் அதற்கு மேல் ஒரு துளி ஒட்டாது, வழுக்கிக்கொண்டே போகும். பழைய வாயையே சரிசெய்து வைத்தேன். "அப்போ வேற தாளு எடு" என்று மறுநாளும் அதே சட்டையோடு வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை சிரித்தபடி. முழுச் சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய. நான் முடிக்கும்வரை அதை விடவில்லை. வழியில் போன சரோஜா நின்று, "இன்னா பெரிப்பா, பல் வலியா?" என்று கேட்டுவிட்டாள். அப்போதும் விடவில்லை.

சிரிக்கிற படத்தை மட்டும்தான் அனுப்பச் சொன்னார். நான் திருட்டுத்தனமாக இரண்டையும் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் உன் இஷ்டம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அண்ணி


போர்ட் பிளேர்
28 மே 2025

என் அண்ணிக்கு,

நல்ல சுகம். இதை நம் வீட்டு முகவரிக்கே போடுகிறேன். உறைமேல் அந்த முகவரியை எழுதும்போது கையெழுத்துக் கோணிவிட்டது.

நீங்கள் சொன்னபடி கடிதத்தை முதலில் படித்தேன். பிறகு பலகையை அவிழ்த்தேன். மேலே இருந்தது சிரிக்கிற படம். இவர் எட்டிப் பார்த்து, "யார் இது, உங்க பெரியப்பாவா?" என்றார். அந்த ஆளை எனக்கும் அடையாளம் தெரியவில்லை அண்ணி. நைனா சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு முதல் வகுப்பில் பரிசு கிடைத்தபோதுகூட "ம்" என்றுதான் சொன்னார். பிறகு கீழே இருந்ததை எடுத்தேன். எடுத்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர் சிரிக்கிறார்.

அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதேன். கோபமான முகத்தைப் பார்த்து அழவில்லை. சிரிக்கவே தெரியாத மனுஷன் எனக்காக அவ்வளவு நேரம் பல்லைக் காட்டிக்கொண்டு தெருவே பார்க்க உட்கார்ந்திருக்கிறாரே, அதற்கு அழுதேன். நான் உங்களைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து. மன்னித்துவிடுங்கள்.

மீஞ்சூருக்கு இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில் கப்பல். டிக்கெட் எடுத்தாயிற்று. சென்னையில் இறங்கி நேராக வீட்டுக்குத்தான் வருவோம்.

நைனாவிடம் ஒன்று சொல்லுங்கள். நான் வந்து நிற்கும்போது சிரிக்க வேண்டாம். அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். எனக்குப் பழகிய முகம் அதுதான், அதைப் பார்க்கத்தான் வருகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

உங்கள் பூவிழி


பழவேற்காடு
8 ஜூன் 2025

அன்புள்ள பூவிழிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைத் தபால்காரர் மாமா கையிலேயே கொடுத்துவிட்டார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். ஆமாம், எதிரேதான் உட்கார்ந்தேன். உன் அண்ணனும் தூணில் சாய்ந்துகொண்டு கேட்டார். நீ அழுததாக எழுதியிருந்த இடம் வந்ததும் மாமா எழுந்து போய் வலையை உதறிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"சிரிக்க வாணான்னுதா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. அப்பிடியே இருங்கன்னு சொல்லுது."

"நல்லதாப் போச்சி. தாடை நோவுது" என்றார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இன்று காலை டீ கொண்டுபோனேன். கொட்டகைக் கம்பத்தில் சவரக் கண்ணாடியை மாட்டிவைத்து அதன்முன் நிற்கிறார். பல்லைக் காட்டி ஒரு தடவை, மறைத்து ஒரு தடவை. கன்னத்தை விரலால் தூக்கிவிட்டுப் பார்க்கிறார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் சத்தம் காட்டாமல் டீயோடு திரும்பி வந்துவிட்டேன்.

சொன்ன தேதிக்குக் கப்பலில் வந்து சேர். ஒரு நாள் தள்ளினாலும் மனுஷனுக்கு வாய் கோணிக்கொள்ளும்.

உன் அண்ணி,
கஸ்தூரி